ரோடு மோசம் என்றால் செட்டிநாட்டு வீட்டுக்குப் பாதி விலைதானா?

கேள்வி: 14.10.2024

எங்கள் ஐயா கட்டிய வீடு காரைக்குடியிலிருந்து அரை மணி நேரத் தூரத்தில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறது. ஐந்து பங்கு. நான் சென்னை, ஒரு பங்காளி கோலாலம்பூர், மற்றவர்கள் மதுரையிலும் கோவையிலும். ஒருவழியாக எல்லோரும் விற்கச் சம்மதித்துவிட்டோம். மெயின்ரோட்டிலிருந்து ஊருக்குள் போகும் நாலு கிலோமீட்டர் கந்தலாகிக் கிடக்கிறது. தரகர் முகப்புத் திண்ணையைத் தாண்டி உள்ளே வரவில்லை. ‘இந்த ரோட்டுக்கு எவன் வருவான்? பாதி விலைக்குச் சரி என்றால் சொல்லுங்கள்’ என்று போய்விட்டார். ரோடு சரியில்லை என்பதற்காக வீட்டு விலை பாதியாகுமா?

பதில்: 14.10.2024, இரவு

பாதி என்பது தரகர் வாய்க்கு வந்த எண். வீட்டுக்குள் கால் வைக்காமல் விலை சொல்பவர் கையில் ஏற்கெனவே ஒரு பார்ட்டி இருக்கிறது என்று அர்த்தம்.

அதற்காக ரோடு ஒன்றுமே செய்யாது என்றும் சொல்ல மாட்டேன். வங்கியில் கடன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். தெரிந்தவர்கள் வீடு விற்கும்போது கூடப் போகிறேன். தரகு வாங்குவதில்லை, சாப்பாடு போட்டால் சாப்பிடுவேன். பார்த்தவரையில், ரோடு கெட்டால் முதலில் மாறுவது வாங்க வருகிற ஆள். குடியிருக்க நினைப்பவர் பாதி வழியிலேயே திரும்பிவிடுவார். விடுதி நடத்த நினைப்பவர் ஒருதரம் வந்து பார்ப்பார், பிறகு போனை எடுக்க மாட்டார். மிச்சம் நிற்பவர் வீட்டைப் பிரித்து விற்பவர். பாதி விலை என்பது அவருடைய விலை.

அவரைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். இப்போது தூக்கம் வருகிறது.

15.10.2024

தம்பி, முதலில் அந்த நாலு கிலோமீட்டர் யாருடைய ரோடு என்று கண்டுபிடியுங்கள். கவர்மெண்ட் ரோடு என்று சொல்லிவிட்டால் ஆயிற்றா? நெடுஞ்சாலைத் துறையின் மாவட்ட இதர சாலையா, ஊராட்சி ஒன்றியச் சாலையா, ஊராட்சிச் சாலையா என்று தெரிந்தால்தான் எந்த அலுவலகத்து மேசைக்குப் போவது என்று தெரியும்.

ரோட்டோரக் கல்லின் தலையைப் பாருங்கள். மஞ்சள் தேசிய நெடுஞ்சாலை, பச்சை மாநில நெடுஞ்சாலை. இரண்டும் உங்கள் ஊருக்குள் வந்திருக்காது. ஆரஞ்சு என்றால் பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தில் போட்டது. அப்படியானால் ரோடு தொடங்கும் இடத்தில் நீளம், செலவு, வேலை முடிந்த தேதி எல்லாம் எழுதிய பலகை ஒன்று நிற்கும். சீமைக்கருவேல் மூடியிருந்தால் வெட்டிவிட்டுப் படியுங்கள். அந்தத் திட்டத்தில் ரோட்டைப் போட்ட ஒப்பந்ததாரரே ஐந்து வருடம் பராமரிக்க வேண்டும். ஐந்து வருடம் முடியவில்லை என்றால் புகார் சொல்ல இடம் இருக்கிறது. வாங்க வருபவரிடம் ‘இந்த ரோடு இன்னார் பொறுப்பில் இருக்கிறது, இன்ன தேதிவரை’ என்று காகிதத்தைக் காட்டலாம். அதுவே பாதித் தயக்கத்தைப் போக்கிவிடும்.

இதில் நம் ஊர்களுக்கென்று ஒரு வேடிக்கை உண்டு. சமவெளியில் மக்கள்தொகைக் கணக்கின்படி 500 பேராவது இருக்கும் குடியிருப்புதான் அந்தத் திட்டத்துக்குத் தகுதி. இங்கே தெருத்தெருவாக வீடு இருக்கும், ஒவ்வொன்றிலும் ஒரு கல்யாணக் கூட்டமே படுக்கலாம். கணக்கெடுக்க வந்தவர் பார்த்தது பூட்டைத்தான். பூட்டுக்குத் தலை எண்ண மாட்டார்கள்.

16.10.2024

மேலே எழுதியதற்குப் பள்ளத்தூர் நண்பர் ஒரு திருத்தம் அனுப்பியிருக்கிறார். கல்லின் நிறத்தை நம்பக் கூடாதாம். அவர் பக்கத்தில் பொங்கலுக்கு இளைஞர்கள் எல்லாக் கல்லுக்கும் கட்சி நிறம் அடித்துவிட்டார்களாம். சரிதான்.

தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டுவிடுங்கள். பத்து ரூபாய், 30 நாள். ரோட்டின் பெயர், யார் வசம், கடைசியாக எந்த வருடம் தார் போட்டது, இப்போது எந்தத் திட்டத்திலாவது சேர்த்திருக்கிறதா, இந்த நாலும் போதும். ‘ஏன் போடவில்லை’ என்று கேட்காதீர்கள். ஏன் என்ற கேள்விக்குப் பதில் வராது.

19.10.2024

ரோடு எதனால் கெட்டது என்று பார்க்காமல், போட்டால் சரியாகிவிடும் என்று நம்புகிறவர்கள் அதிகம். கார் போய் ரோடு உடையாது. அச்சின்மேல் விழும் எடை இரண்டு மடங்கானால் ரோட்டுக்கு ஆகும் சேதம் ஏறத்தாழ 16 மடங்கு என்பது சாலைப் பொறியாளர்கள் 1960-களிலிருந்து வைத்திருக்கும் கணக்கு. ஆகவே லாரியைத் தேடுங்கள். திருமயம் பக்கம் என்றால் கல்குவாரி, அரிமளம் பக்கம் என்றால் தைலமரம் ஏற்றிய லாரி, வேறு இடங்களில் கிராவல். அந்த லாரி நிரந்தரமாக உங்கள் ரோட்டில் போவது என்றால், நாளைக்கே புதுத் தார் போட்டாலும் இரண்டு மழைக்குள் பழைய கதைதான். வாங்க வருபவர் இதைத் தெரிந்தவராக இருந்தால் ரோட்டைப் பார்க்க மாட்டார், ரோட்டோரத்தில் உதிர்ந்து கிடக்கும் ஜல்லியையும் மரப்பட்டையையும் பார்ப்பார்.

லாரி எதுவும் இல்லை, வயசாகித்தான் கெட்டது என்றால் அது நல்ல செய்தி. அப்படிச் சொல்லியே விற்கலாம்.

22.10.2024

‘மெயின்ரோட்டிலிருந்து நாலு கிலோமீட்டர்’ என்று விளம்பரத்தில் போட்டிருக்கிறீர்கள். அதை எடுத்துவிட்டு நிமிடத்தைப் போடுங்கள். கார் மெதுவாகப் போனாலும் பத்துப் பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகாது என்றால் அதை எழுதுங்கள். சென்னையில் அந்த நேரத்தில் ஒரு சிக்னலைத் தாண்ட முடியாது.

ஓய்வு பெற்று ஊரோடு வந்துவிட நினைக்கும் தம்பதிகள் ரோட்டைப் பற்றி நேராகக் கேட்பதே இல்லை. நூற்றெட்டு வண்டி எவ்வளவு நேரத்தில் வரும், வாசலில் நிற்குமா தெருமுனையில் நிற்குமா என்று கேட்பார்கள். சிலிண்டர்காரன் ஊருக்குள் வருகிறானா, மெயின்ரோட்டு டீக்கடையில் இறக்கிவிட்டுப் போகிறானா என்று கேட்பார்கள். ராத்திரி பல்லவன் ரயிலிலிருந்து இறங்கினால் ஆட்டோக்காரர் ஊருக்கு வரச் சம்மதிப்பாரா என்று கேட்பார்கள். ரோட்டைப் பற்றிய கேள்விகள் இவைதான். பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். காரைக்குடி ஸ்டேஷன் ஆட்டோக்காரர்கள் உங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னதும் முகத்தைச் சுளிக்கிறார்களா என்று நீங்களே ஒருநாள் போய்க் கேட்டுப் பாருங்கள். எந்த மதிப்பீட்டாளரும் அவ்வளவு சரியாகச் சொல்ல மாட்டார்.

27.10.2024

பிரித்து விற்பவர் பற்றி எழுதுவதாகச் சொன்னேன்.

அவர் வந்தால் வீட்டைப் பார்க்கும் விதமே வேறு. முகப்பில் நின்று தூணை விரல் முட்டியால் தட்டுவார், சத்தத்தைக் கேட்டுப் பர்மா தேக்கா என்று சொல்லிவிடுவார். நிலைக்கதவில் முழம் போடுவார். பட்டாலைக் கூடத்தில் அண்ணாந்து உத்தரங்களை எண்ணுவார், எண்ணும்போது உதடு மட்டும் அசையும். ஆத்தங்குடி தரைக்கல்லை அவர் சட்டை செய்வதில்லை, பெயர்த்தால் பாதி உடையும். இரண்டாங்கட்டில் அடுக்கியிருக்கும் பித்தளை அண்டாவையும் கொடுப்பீர்களா என்று கேட்பார். தெரு, தண்ணீர், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, ஒன்றையும் கேட்க மாட்டார். வீடு எங்கே இருந்தால் அவருக்கென்ன? அது அங்கே இருக்கப்போவதில்லை. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளுக்குக் கொஞ்சம் போகும், மீதி பாண்டிச்சேரி, பெங்களூர் என்று ரிசார்ட் கட்டுகிறவர்களிடம் போகும்.

நான் நேரில் பார்த்த ஒன்று. தேவகோட்டைப் பக்கம் ஒரு ஊர். கண்மாய்க்கரையை ஒட்டி வரும் ரோட்டில் ஒரு இடத்தில் தார் முழுதும் போய், ஆளின் முழங்கால் அளவுக்குப் பள்ளம். வீட்டுக்காரர்கள் வருடக்கணக்கில் மனுக் கொடுத்தார்கள். வந்து பார்த்த குடும்பங்கள் எல்லாம் அந்தப் பள்ளத்தைக் காட்டியே விலையைக் குறைத்தன, பிறகு வராமலும் போயின. கடைசியில் பிரிக்கிறவருக்குக் கிரயம் ஆனது. ஒரு வாரத்தில் இரண்டு டிராக்டர் கிராவல் கொட்டி, ஒரு ரோலரை வாடகைக்கு எடுத்து, பள்ளத்தை மூடிவிட்டார். அவருக்கு லாரி வெளியே போக வேண்டுமே! தூணும் உத்தரமும் போய்ச் சேரும்வரை அந்த ரோடு கெட்டியாக இருந்தது.

அந்தக் கிராவலுக்கு அவர் செலவழித்தது ஒரு தூணின் விலைகூட இருக்காது. அந்த வீட்டுப் பங்காளிகள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டிருந்தால் அதைச் செய்திருக்கலாம். யார் எவ்வளவு போடுவது என்று ஒருவருக்கொருவர் பேசியே காலம் போய்விட்டது. பேசாமலும் போயிருக்கலாம், அங்கே இரண்டு பேருக்குள் பேச்சுவார்த்தையே கிடையாது.

28.10.2024

‘அரசாங்க ரோட்டில் நாமே மண் கொட்டலாமா’ என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். ஊராட்சியில் சொல்லிவிட்டு, எழுத்தாகவும் ஒன்று கொடுத்துவிட்டுச் செய்யுங்கள். பள்ளத்தை நிரப்புவதை யாரும் தடுத்து நான் பார்த்ததில்லை. ரோட்டை அகலப்படுத்துவது, வாய்க்காலை மூடுவது, கரையில் மண் எடுப்பது இவற்றில் கை வைக்காதீர்கள். கண்மாய்க்கரை மண்ணை எடுத்துப் பள்ளத்தை மூடினால் ஊரே உங்களைத் துரத்தும், துரத்துவதும் நியாயம்.

கோலாலம்பூர் பங்காளி ‘கிராவல் செலவில் என் பங்கு எவ்வளவு, ரசீது உண்டா’ என்று கேட்டதாக எழுதியிருந்தீர்கள். டிராக்டர்காரரிடம் ரசீதா? அவர் சிகரெட் அட்டையின் பின்னால் எழுதித் தருவார், அதைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள்.

5.11.2024

எல்லோரும் குண்டு குழியைப் பற்றியே பேசுகிறோம். செட்டிநாட்டு வீட்டுக்குக் குழியைவிடப் பெரிய கெடுதல் புது ரோடு.

விளக்குகிறேன். இந்த வீடுகளைக் கட்டியவர்கள் தெருவிலிருந்து நல்ல உயரத்தில் அடித்தளம் போட்டார்கள், மழைத்தண்ணீர் ஏறக் கூடாதென்று. அரிமளம் பக்கம் ஒரு வீட்டில் திண்ணைக்கு ஏற ஐந்து கருங்கல் படிகள் இருந்தன. இப்போது இரண்டுதான் தெரிகிறது. மூன்றாவது படியின் மூக்கு மட்டும் தாரிலிருந்து ஒரு விரற்கடை வெளியே நிற்கிறது, அதில் இடித்துக்கொள்ளாத ஆள் கிடையாது. ஒவ்வொரு தடவையும் பழைய தாரின்மேல் புதுத் தார், அதன்மேல் சிமெண்ட், அதன்மேல் பேவர் பிளாக். தெரு ஏறுகிறது, வீடு இறங்குகிறது.

படி புதைவது பார்வைக்கு மட்டும்தான் கோளாறு. உள்ளே நடப்பது வேறு. வளவின் (முற்றத்தைச் சுற்றிய பகுதி) கூரையிலிருந்து முற்றத்தில் விழும் தண்ணீர் மூலையிலுள்ள துவாரத்தில் இறங்கி, தரைக்கடியில் ஓடி, தெரு வாய்க்காலில் விழும். அங்கிருந்து ஊருணிக்குப் போகும்படிதான் தெருக்களையே அமைத்தார்கள். தெருவையும் வாய்க்காலையும் உயர்த்திவிட்டால் அந்தத் தண்ணீர் எங்கே போகும்? முற்றத்திலேயே நிற்கும். அடிச்சுவர் ஈரம் குடிக்கும், உப்புப் பூக்கும், கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்த சுண்ணாம்புப் பூச்சு கீழிருந்து செதில் செதிலாக உரியும். வாங்க வருபவர் ‘சுவர் போச்சு’ என்பார். சுவருக்கு ஒன்றும் ஆகவில்லை, வாசலில் போட்ட ரோடுதான் காரணம்.

சோதித்துப் பார்ப்பது சுலபம். முற்றத்துத் துவாரத்தில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். ஒருவர் தெரு வாய்க்காலில் நின்று பார்க்கட்டும். உடனே வந்தால் நல்லது. சொட்டுச் சொட்டாக வந்தால் அடைப்பு, குத்தி எடுக்கலாம். வரவே இல்லை, முற்றத்தில் திரும்பி எதிர்த்தால் உங்கள் வீட்டுப் பிரச்சினை நாலு கிலோமீட்டரில் இல்லை, வாசலில் இருக்கிறது.

மேல் தாரைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே உயரத்தில்தான் புதுத் தார் போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலாளரே உத்தரவு போட்டார். உங்கள் தெருவில் வேலை தொடங்கினால் அதைச் சொல்லி நிறுத்தலாம். அந்த நேரத்தில் வீட்டில் யாராவது இருக்க வேண்டும், அதுதான் சிக்கல். பூட்டிய வீட்டின் வாசலில் எந்த உயரத்துக்கும் ரோடு போடலாம்.

6.11.2024

ஆச்சி ஒருவர் கோவையிலிருந்து: ‘அப்படியானால் ரோடு போடச் சொல்லி மனுக் கொடுப்பதா வேண்டாமா?’ ஆச்சி, ஊருக்கு வரும் ரோட்டுக்குக் கொடுங்கள். வீட்டு வாசல் தெருவுக்குக் கொடுத்தால் கூடவே நின்று உயரத்தைப் பாருங்கள். இரண்டையும் ஒரே மனுவில் எழுதினால் வாசலில் மட்டும் போட்டுவிட்டுப் போவார்கள், தூரம் குறைவு.

12.11.2024

கொஞ்சம் பணக் கணக்கு.

பதிவுத்துறையின் வழிகாட்டி மதிப்புக்குக் கண் கிடையாது. அது தெருப் பெயருக்கும் சர்வே எண்ணுக்கும் அரசு எழுதி வைத்த விலை. உங்கள் ரோடு கந்தலானாலும் மதிப்பு இறங்காது. வாங்குபவர் ரோட்டைக் காட்டி விலையைக் குறைக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேசிய விலை வழிகாட்டி மதிப்புக்குக் கீழே போனால், முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 விழுக்காட்டை அவர் வழிகாட்டி மதிப்புக்குத்தான் கட்டுவார். 2023 ஏப்ரலிலிருந்து இந்த விகிதம். பேசிய விலையையே போட்டு எழுதினால் முத்திரைச் சட்டத்தின் 47-அ பிரிவில் தனியாக ஒரு கோப்பு திறந்து அலைய வேண்டும். அதனால் அளவுக்கு மீறிக் குறைத்துக் கேட்கிறவரிடம் வாதாட வேண்டாம், இந்தக் கணக்கைச் சும்மா எழுதிக் காட்டுங்கள். அவரே கொஞ்சம் ஏறி வருவார்.

இன்னொன்று. நம் வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். முகப்பு ஒரு தெரு, பின்கட்டு வாசல் மறு தெரு. இரண்டு தெருவுக்கும் மதிப்பு வேறாக இருக்கலாம், ரோடும் வேறாக இருக்கும். ஆவணம் எழுதுமுன் இரண்டையும் பாருங்கள். கீழச்சிவல்பட்டிப் பக்கம் ஒரு வீட்டில் முகப்புத் தெரு படுமோசம், பின்தெருவில் புதுச் சிமெண்ட் ரோடு. வீட்டுக்காரர் வருகிறவர்களை எல்லாம் பின்வழியாகவே கூட்டிக்கொண்டு வந்தார். அவர்கள் பார்த்த முதல் காட்சி அடுப்படியும் உடைந்த ஆட்டுக்கல்லும். ரோடு நன்றாக இருந்தது, வீடு பிடிக்கவில்லை என்று போனார்கள்.

13.11.2024

வங்கிக் கடன் பற்றி எழுதச் சொன்னீர்கள். சுண்ணாம்புக் கட்டடம், நூறு வருடம் தாண்டியது என்றால் மதிப்பீட்டாளர் கட்டடத்துக்குப் பெரிதாக ஒன்றும் போட மாட்டார், மனைக்குத்தான் போடுவார். மனை மதிப்பில் அணுகுசாலை ஒரு வரி. அந்த வரியில் மண்பாதை என்று எழுதினால் கடன் குறையும், தார்ச்சாலை சேதமடைந்துள்ளது என்று எழுதினால் அவ்வளவாகக் குறையாது. மதிப்பீட்டாளரை மழை விட்ட மறுநாள் கூட்டிக்கொண்டு போகாதீர்கள், சேறு மூடிய தார் மண்பாதையாகத்தான் தெரியும். மற்றபடி இந்த வீடுகளைக் கடனில் வாங்குகிறவர்கள் என் அனுபவத்தில் மிகக் குறைவு.

30.11.2024

வழிப் பாத்தியம் பற்றி யாரும் கேட்கவே இல்லை. குழியைப் பார்க்கிற கண்ணுக்கு இது தெரியாது, ஆனால் வியாபாரத்தை ஒரேயடியாகக் கெடுப்பது இதுதான்.

மெயின்ரோட்டிலிருந்து ஊர்வரை அரசு ரோடு சரி. ஊர் ரோட்டிலிருந்து உங்கள் பின்கட்டுக்கு லாரி வரும் சந்து யாருடையது? பழைய பத்திரத்தை எடுத்து நாலுமாலை, அதாவது நாலு பக்க எல்லை விவரத்தைப் படியுங்கள். ‘வண்டி வாகனம் போக வர வழிநடைப் பாத்தியம் உட்பட’ என்று இருக்கிறதா? அதே சொல்லோடு புதுப் பத்திரத்திலும் வர வேண்டும். இல்லாவிட்டால் புலப்படத்தில் (சர்வே வரைபடம்) அந்தச் சந்து பாதையாகப் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். 20 வருடம் தடையில்லாமல் பயன்படுத்தினால் வழியுரிமை உண்டு என்று 1882-ஆம் வருடச் சட்டம் சொல்கிறது. அதைக் கோர்ட்டில் நிரூபிப்பது உங்கள் பேரன் காலத்தில் முடியும்.

பாதையில் தகராறு இருந்தால் வாங்குபவரிடம் சொல்லிவிடுங்கள். குழி அவர் கண்ணுக்கே தெரியும், சொல்ல வேண்டியதில்லை. தகராறு தெரியாது. அதை மறைத்து விற்றால் சொத்து மாற்றுச் சட்டம் 55-ஆம் பிரிவு உங்கள் பக்கம் இருக்காது.

16.12.2024

நல்ல மழை. எந்த எந்த ஊரில் தரைப்பாலம் மூழ்கியது என்று எல்லோரும் படம் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். விற்கிறவர்களுக்கு இந்தப் படங்கள் எரிச்சலாக இருக்கும். எனக்கு ஒரு யோசனை தோன்றுகிறது.

கண்மாய் நிறைந்து கலுங்கு, அதாவது உபரிநீர் வழியும் வாய், பாய்ந்தால் அந்தத் தண்ணீர் தரைப்பாலத்தின்மேல் ஓடும். சில ஊர்களுக்கு வருடத்தில் ஒன்றிரண்டு நாள், சில ஊர்களுக்குப் பத்து நாள். மழை இல்லாத மாதத்தில் வந்து பார்த்தவர் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு ஐப்பசியில் திரும்ப வந்து தண்ணீரைப் பார்த்தால், ‘ஏமாற்றிவிட்டார்கள்’ என்பார். அட்வான்ஸைத் திருப்பிக் கேட்பார். முதலிலேயே சொல்லிவிடுங்கள்: இன்ன இடத்தில் தண்ணீர் போகும், இவ்வளவு நேரம் நிற்கும், அப்போது இன்ன சுற்றுவழி. கலுங்கு பாயும்போது ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அளவுக்குப் பக்கத்தில் ஒரு ஆளையும் நிறுத்தி. கணுக்கால் அளவு என்றால் யாரும் பயப்பட மாட்டார்கள். மொட்டையாகப் ‘பாலம் மூழ்கும்’ என்று தரகர் சொன்னால்தான் வெள்ளம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

கண்மாய் நிறையும் ஊர் என்று சொல்லி விலை ஏற்றியவரையும் பார்த்திருக்கிறேன். கிணற்றில் தண்ணீர் கிடக்கும் என்றார். வாங்கியவர் தோட்டப் பிரியர். சரியாகப் பொருந்திவிட்டது.

18.12.2024

விடுதிக்காரர்கள் பற்றிக் கேட்ட நண்பருக்கு. அவர்கள் ரோட்டின் அகலத்தைப் பார்க்கிறார்கள். இருபது பேர் வரும் வேன் வாசலில் நின்று திரும்ப வேண்டும், எதிரே டிராக்டர் வந்தால் ஒதுங்க இடம் வேண்டும். திருச்சி ரோட்டிலிருந்து உள்ளே வர எளிது என்பதால்தான் கானாடுகாத்தானில் விடுதிகள் நிற்கின்றன, அதைவிட அழகான வீடுகள் உள்ளடங்கிய ஊர்களில் வௌவால் அடைந்து கிடக்கின்றன. 2014-இல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய இடங்களுக்கான உத்தேசப் பட்டியலில் ஏறியதை விளம்பரத்தில் போடலாமா என்று கேட்டீர்கள். போடுங்கள். பட்டியலில் ஏறினால் ரோடு அகலமாகாது என்பது வருகிறவருக்கும் தெரியும்.

ஷூட்டிங்காரர்களுக்கும் இதே கதைதான். ஜெனரேட்டர் வண்டியும் கேரவனும் வந்து நிற்காத இடத்தில் எவ்வளவு பெரிய வளவு இருந்தாலும் போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

7.1.2025

ஜனவரி 5-உடன் நம் மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்துவிட்டது. தலைவரிடம் பேசியாகிவிட்டது, அவர் பார்த்துக்கொள்வார் என்று இருந்தவர்கள் இனித் தனி அலுவலரிடம் முதலிலிருந்து பேச வேண்டும். வாய்ப்பேச்சாகச் சொன்னது எதுவும் கணக்கில் இல்லை. முதல்வரின் கிராமச் சாலைகள் மேம்பாட்டுத் திட்டத்தில் உங்கள் ரோட்டின் பெயர் பரிந்துரையில் போயிருக்கிறதா என்று ஒன்றியத்தில் எழுத்தாகக் கேளுங்கள். 26-ஆம் தேதி கிராம சபை. பொங்கலுக்கு வருகிறவர்கள் லீவைக் கொஞ்சம் நீட்டி அதுவரை இருந்தால் நல்லது. வெளியூரில் இருந்து வாட்சப்பில் கத்துவதைவிடச் சபையில் ஒருவர் எழுந்து நின்று தீர்மானத்தில் எழுதச் சொல்வது மேல்.

9.2.2025

தம்பி தனியாக எழுதியிருந்தார். விவரத்தை அவர் அனுமதியோடு இங்கே போடுகிறேன். தகவல் உரிமைப் பதில் வந்துவிட்டது, ஒன்றியச் சாலை, கடைசியாகத் தார் போட்டு எட்டு வருடம், லாரிப் போக்குவரத்து இல்லை. மோசமான இடங்களில் மட்டும் பங்காளிகள் சேர்ந்து கிராவல் கொட்டிவிட்டார்கள். (கோலாலம்பூர் பங்காளி சிகரெட் அட்டையை ஏற்றுக்கொண்டாராம்.) முற்றத்துத் தண்ணீர் வாய்க்காலுக்கு ஒழுங்காகப் போகிறது. திருச்சியிலிருந்து டாக்டர் தம்பதி வந்து பார்த்து, வீட்டைப் பிரிக்காமல் வைத்துக்கொள்வதாகச் சொல்கிறார்கள். விலை தரகர் சொன்னதைவிட நன்றாகவே மேலே. ஆனால் ஒப்பந்தத்தில் ‘ரோடு போட்ட பிறகே கிரயம்’ என்று ஒரு வரி கேட்கிறார்கள்.

அந்த வரிக்குச் சம்மதிக்காதீர்கள். ரோடு உங்கள் கையில் இல்லை. தேர்தல், டெண்டர், மழை என்று இரண்டு வருடம் இழுக்கும், அதற்குள் ஐந்து பங்காளிகளில் ஒருவருக்கு மனசு மாறும். அதற்குப் பதிலாக இப்படிக் கேளுங்கள்: ரோட்டுக்காக எவ்வளவு குறைக்க வேண்டும் என்று அவர்களையே ஒரு தொகை சொல்லச் சொல்லுங்கள். தொகையாகச் சொல்லும்போது ஜனங்கள் நியாயமாகத்தான் சொல்கிறார்கள். குறைத்துவிட்டுக் கிரயத் தேதியை சித்திரைக்குள் வையுங்கள். தகவல் உரிமைப் பதிலின் நகலையும் ஒப்பந்தத்தோடு இணைத்துவிடுங்கள், பின்னால் ‘சொல்லவில்லையே’ என்ற பேச்சு வராது.

பழைய தரகர் ‘பார்ட்டியை நான்தான் அனுப்பினேன்’ என்று வருவார். வந்தால் வீட்டுக்குள் எத்தனை கட்டு என்று கேளுங்கள்.

10.2.2025

விட்டுப்போனது ஒன்று. டாக்டர் வீட்டார் இரண்டாவது முறை வரும்போது மேப்பை நம்பி வர வேண்டாம் என்று சொல்லுங்கள். அது தூரம் குறைவென்று கண்மாய்க்கரை வண்டிப்பாதையில் திருப்பிவிடும், காரைத் திருப்ப இடம் கிடையாது. திருமயம் தாண்டியதும் போன் பண்ணச் சொல்லி, மெயின்ரோட்டு முக்கில் யாரையாவது நிறுத்திவிடுங்கள்.